லின்-மானுவல் மிராண்டா: ஹாமில்டன் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்கும் கேள்விகள்

2020 ஜூலையில், லின்-மானுவல் மிராண்டா எழுதி நடித்த ஹாமில்டன் என்ற அமெரிக்க மேடை நாடகத்தின் பதிவு ஓடிடியில் வந்ததிலிருந்து எங்கள் வீட்டு ஹாலில் அதை எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. அண்ணன் மகள், அவளுடைய காலேஜ் தோழிகள், ஆபீஸ் நண்பர்கள், ஒரு முறை பக்கத்து வீட்டுத் தாத்தா. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கேள்விகள் ஆரம்பிக்கும். பெரும்பாலும் அதே கேள்விகள். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை மட்டும் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன்.

யாருங்க இந்த லின்-மானுவல் மிராண்டா? பாடகரா, நடிகரா?

நாடகத்துக்குப் பாட்டு எழுதுவார், மெட்டும் அவரே போடுவார், அப்புறம் அதே நாடகத்தில் முக்கிய வேடம் கட்டி மேடையேறுவார். 1980 ஜனவரி 16 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். அவர் பெயரை நிலைநிறுத்திய மேடை நாடகங்கள் இரண்டு: 2008இல் பிராட்வேக்கு (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளுக்கு) வந்த இன் த ஹைட்ஸ், 2015இல் வந்த ஹாமில்டன். இரண்டுமே சிறந்த மியூசிக்கலுக்கான டோனி விருதை வாங்கின. சினிமாவுக்கு ஆஸ்கர் எப்படியோ, பிராட்வே நாடகத்துக்கு டோனி அப்படி.

குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் உங்களுக்கு அவரை ஏற்கெனவே தெரியும். டிஸ்னியின் மோனா, என்கான்டோ அனிமேஷன் படங்களின் பாட்டுகளில் அவர் கை இருக்கிறது.

மியூசிக்கல்னா நம்ம சினிமா மாதிரிதானே? நடுநடுவுல பாட்டு வரும், அவ்வளவுதானே?

பாட்டு வருவது ஒன்றுதான், ஆனால் அது செய்யும் வேலை வேறு. சினிமாவில் ஒரு பாட்டை ஓட்டிவிட்டுப் பார்த்தாலும் கதை பெரும்பாலும் புரிந்துவிடும். நல்ல மியூசிக்கலில் ஒரு பாட்டைத் தாண்டினால் கதையில் ஒரு துண்டு காணாமல் போய்விடும். பாட்டு தொடங்கும்போது இருந்த மனநிலையில் அந்தப் பாத்திரம் பாட்டு முடியும்போது இருக்கக் கூடாது. ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும், அல்லது ஒன்றை இழந்திருக்க வேண்டும். ஹாமில்டனில் வசனம் என்று தனியாகக் கிட்டத்தட்ட எதுவுமே கிடையாது. இரண்டே முக்கால் மணி நேரமும் பாட்டும் ராப்பும்தான்.

இன்னொன்று, எல்லாம் நேரடி. பிராட்வேயில் வாரத்துக்கு 8 காட்சி. பின்னணிக் குரல் இல்லை, ரீடேக் இல்லை. ஓடிடியில் நாம் பார்ப்பதும், 2016 ஜூனில் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் தியேட்டரில் ரசிகர்கள் முன்னால் நடந்த காட்சிகளை முதல் குழு கலைவதற்கு முன்பு படம்பிடித்து வைத்ததுதான்.

பேரே ஒரு மாதிரி இருக்கே. அமெரிக்காக்காரரா, வெளியிலேருந்து வந்தவரா?

அமெரிக்கர். பெற்றோர் இருவரும் போர்ட்டோ ரிகோவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். அந்தத் தீவு அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கிறது. அங்கே பிறந்தவர்களுக்கு 1917 முதல் அமெரிக்கக் குடியுரிமை உண்டு. அப்பா அரசியல் ஆலோசகர், அம்மா மனநல நிபுணர். வளர்ந்தது மன்ஹாட்டனின் வட கோடியில் இன்வுட் பகுதியில். கோடை விடுமுறை வந்தால் போர்ட்டோ ரிகோவில் வேகா ஆல்டா என்ற ஊரில் தாத்தா பாட்டி வீடு. வீட்டில் ஸ்பானிஷ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் ஹிப்-ஹாப். கூடவே அப்பா அம்மா வாங்கிக் குவித்த பிராட்வே நாடக இசைத்தட்டுகள்.

இந்தக் கலவையை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் அவர் எழுதிய எல்லாமே கொஞ்சம் சுலபமாகப் புரியும். ஊரை விட்டு வந்தவன் எந்த ஊர்க்காரன் என்ற கேள்வியை அவர் திரும்பத் திரும்பத் தொடுகிறார்.

முதல் நாடகத்தைக் காலேஜ்லயே எழுதிட்டாராமே?

முதல் வடிவத்தை எழுதினார், அவ்வளவுதான். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது இன் த ஹைட்ஸ் எழுதத் தொடங்கினார். 2000 ஏப்ரலில் மாணவர் அரங்கில் ஒரே அங்கமாகப் போட்டார்கள். அது பிராட்வே வந்து சேர்ந்தது 2008 மார்ச்சில். நடுவில் எட்டு வருடம். "இருபது வயசுல எழுதிட்டார்" என்று சொல்பவர்கள் இந்த எட்டு வருடத்தை விழுங்கிவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

படிப்பு முடிந்த 2002இல், அதே பல்கலைக்கழகத்தில் படித்த தாமஸ் கேல் என்ற இயக்குநரோடு சேர்ந்தார். மன்ஹாட்டனில் டிராமா புக் ஷாப் என்று நாடகப் புத்தகங்களுக்கே ஒரு பழைய கடை உண்டு. அதன் அடித்தளத்தில் சின்ன அறை. அங்கே உட்கார்ந்துதான் இருவரும் பாட்டுகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கினார்கள். பின்னால் கியாரா அலெக்ரியா ஹூடெஸ் கதை வசனத்துக்கு வந்தார். மாணவ வடிவத்தில் இருந்த காதல் கதை பின்னுக்குப் போய், ஒரு தெருவே கதாநாயகன் ஆனது அதற்குப் பிறகுதான். இன்னொரு செய்தி: வாடகை கட்ட முடியாமல் அந்தக் கடை தடுமாறியபோது, 2019இல் மிராண்டாவும் கேலும் வேறு இருவரும் சேர்ந்து அதை வாங்கினார்கள். 2021இல் மறுபடி திறந்தது.

அந்த எட்டு வருஷம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணாரு?

தான் படித்த ஹன்டர் பள்ளியிலேயே ஆங்கில ஆசிரியராக வேலை பார்த்தார். அரசியல்வாதிகளின் விளம்பரத்துக்கு இசை போட்டார். உள்ளூர்ப் பத்திரிகையில் ஹோட்டல் விமர்சனம் எழுதினார். சாயங்காலமானால் ஃப்ரீஸ்டைல் லவ் சுப்ரீம் என்ற குழுவோடு மேடை: ரசிகர்கள் ஒரு சொல்லைத் தூக்கிப் போடுவார்கள், அந்த இடத்திலேயே ராப் கட்ட வேண்டும். ஒரு சொல்லிலிருந்து அடுத்த இயைபுக்குத் தாவும் அந்த வேகம் அங்கே பழகியது.

இன் த ஹைட்ஸ்ல அப்படி என்ன கதை?

வாஷிங்டன் ஹைட்ஸ் என்ற லத்தீன் மக்கள் வாழும் பகுதி. ஜூலை வெயில், ஒரு மின்வெட்டு, லாட்டரியில் விழுந்த 96,000 டாலர். தெருமுனையில் பெட்டிக்கடை மாதிரி ஒரு சின்ன மளிகைக்கடை. அதை நடத்துபவன் உஸ்னாவி. பெற்றோர் அமெரிக்காவுக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்ட கப்பலில் எழுதியிருந்த 'யு.எஸ். நேவி' என்ற எழுத்துகளையே பிள்ளைக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். அந்த ஒரு பெயரிலேயே அந்தக் குடும்பத்தின் கதை முழுவதும் இருக்கிறது.

உஸ்னாவியாக நடித்தவர் மிராண்டாவே. 13 டோனி பரிந்துரை, 4 விருது. பாட்டுக்கான விருதை வாங்க மேடையேறியவர் நன்றியுரையையும் ராப்பாகவே சொன்னார்.

ஹாமில்டன் ஐடியா எங்கேருந்து வந்துச்சு? பத்து டாலர் நோட்டுல இருக்கிறவரைப் போய்...

2008இல் இன் த ஹைட்ஸிலிருந்து சில நாள் விடுப்பு எடுத்து மெக்சிகோ போனார். படிக்க எடுத்துப்போனது ரான் செர்னோ எழுதிய அலெக்சாண்டர் ஹாமில்டனின் வாழ்க்கை வரலாறு. 2004இல் வந்த தடிமனான புத்தகம். கரீபியத் தீவில் முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்து, சின்ன வயதிலேயே தாயை இழந்தவன் ஹாமில்டன். ஊரைப் புயல் அழித்ததைப் பற்றி அவன் எழுதிய கடிதத்தைப் படித்த பெரியவர்கள் பணம் திரட்டி அவனை நியூயார்க்குக்கு அனுப்புகிறார்கள். பிறகு அவன் நாட்டின் முதல் நிதி அமைச்சர். எழுத்தை நம்பி மேலே வந்தவன், எழுத்தாலேயே பகை சேர்த்துக்கொண்டவன். இது ஒரு ராப் பாடகனின் வாழ்க்கை என்று மிராண்டாவுக்கு அங்கேயே தோன்றிவிட்டது.

நாடகம் என்று நினைத்துத் தொடங்கவில்லை. பாட்டுத் தொகுப்பாக வெளியிடுவதுதான் முதல் திட்டம்.

வெள்ளை மாளிகையில பாடினப்போ எல்லாரும் சிரிச்சாங்களாமே, உண்மையா?

உண்மை. 2009 மே 12, ஒபாமா நடத்திய கவிதை நிகழ்ச்சி. இன் த ஹைட்ஸிலிருந்து ஏதாவது பாடுவார் என்று எதிர்பார்த்துக் கூப்பிட்டார்கள். அவர், முதல் நிதி அமைச்சரைப் பற்றி ஹிப்-ஹாப் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னதும் அறையில் சிரிப்பு. பியானோவில் அலெக்ஸ் லாக்கமோர் மட்டும். வீடியோ இணையத்தில் கிடைக்கிறது, கட்டாயம் பாருங்கள். முகத்தில் பதற்றம் அப்படியே தெரியும். பாட்டு நகர நகரச் சிரிப்பு அடங்கி, கடைசியில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். அப்போது அவர் கையில் அந்த ஒரு பாட்டைத் தவிர வேறெதுவும் உருப்படியாக இல்லை.

ஒரு பாட்டிலிருந்து முழு நாடகத்துக்கு ஆறு வருஷமா? அவ்வளவு மெதுவாவா எழுதுவாரு?

ஆமாம், மெதுவாகத்தான் எழுதுவார். முதல் பாட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம். 'மை ஷாட்' என்ற இன்னொரு பாட்டுக்கு இன்னொரு வருடம். ஹாமில்டன் அந்த அறையிலேயே பெரிய அறிவாளி என்று நாம் நம்ப வேண்டும்; வெறும் வரி எழுதினால் நம்பமாட்டோம், ஒவ்வொரு அடியிலும் இரண்டு மூன்று இயைபு உள்ளே உள்ளே விழ வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

அப்புறம், தனியாளாக எழுதினார் என்று நினைக்காதீர்கள். மெட்டும் வரியும் அவருடையவை. அதை வயலினுக்கும் டிரம்ஸுக்கும் பிரித்துக் கொடுத்தவர் லாக்கமோர். மேடையில் எது எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்தவர் கேல். உடம்பால் கதை சொன்னவர் நடன அமைப்பாளர் ஆண்டி பிளாங்கன்பியூலர். இன் த ஹைட்ஸ் செய்த அதே நால்வர் கூட்டணி. மிராண்டாவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான்: பெரிய பெயர் வந்த பிறகும் பழைய கூட்டாளிகளை மாற்றவில்லை.

ராப் வேகத்துல எனக்கு ஒண்ணுமே புரியல. எதைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்கிறது?

பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி இசைமொழி கொடுத்திருக்கிறார். பிரெஞ்சுக்காரரான லஃபயெட் முதலில் வரும்போது ஆங்கிலம் தடுக்கும், உச்சரிப்பு இழுக்கும். அமெரிக்கச் சுதந்திரப் போர் நடக்க நடக்க அவர் ஆங்கிலம் தேறுகிறது. பிற்பாடு நாடகத்திலேயே மிக வேகமான வரிகளைப் பாடுபவர் அவர்தான். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, காதில் விழுகிறது. இங்கிலாந்து அரசர் மட்டும் ராப் பாடுவதே இல்லை. அவருக்குக் குழைவான பழைய பிரிட்டிஷ் பாப் மெட்டு. பழைய உலகத்துக்காரர் என்று அர்த்தம்.

எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிற இடம் ஒன்று சொல்கிறேன். தங்கை எலைசா ஹாமில்டனைப் பார்த்துக் காதலித்துக் கல்யாணம் வரை போவதை ஒரு பாட்டில் முடித்துவிடுகிறார். உடனே அக்கா ஆஞ்செலிகா கல்யாண வீட்டில் வாழ்த்துச் சொல்லக் கோப்பையைத் தூக்குகிறாள். ஒலி பின்னோக்கிச் சுழல்கிறது, சுழல்மேடை எதிர்த்திசையில் திரும்புகிறது, நடனக்காரர்கள் முன்பு செய்த அசைவுகளையே தலைகீழாகச் செய்கிறார்கள். அதே இரவு மறுபடி வருகிறது, இந்த முறை அக்காவின் கண் வழியாக. அவளும் அவனை விரும்பியிருக்கிறாள், விட்டுக்கொடுத்திருக்கிறாள். சினிமாவில் எடிட்டிங் செய்யும் வேலையை இங்கே ஒரு மெட்டும் ஒரு மேடையும் செய்கின்றன.

தப்பா நினைக்காதீங்க, அவர் குரல் சுமார்தானே? எப்படி அவரே ஹீரோ?

தப்பாக நினைக்கவில்லை. கூட நடித்தவர்களோடு வைத்துப் பார்த்தால் அவர் குரல் எளிமையானதுதான். ஹாமில்டனின் எதிரி ஆரன் பர் வேடத்தில் வந்த லெஸ்லி ஓடம் ஜூனியரின் குரல் பட்டு. 2016இல் சிறந்த நடிகருக்கான டோனிக்கு இருவருமே பரிந்துரைக்கப்பட்டார்கள், வாங்கியவர் ஓடம். சரியான தீர்ப்பு என்றுதான் நான் சொல்வேன். ஆனால் மிராண்டாவின் ஹாமில்டனில் ஒரு அவசரம் இருக்கிறது. இந்த வார்த்தை இப்போதே வெளியே வரவில்லை என்றால் செத்துவிடுவேன் என்பது போன்ற அவசரம். எழுதியவர் வாயிலிருந்தே வரும்போது அது பொய்யாகத் தெரிவதில்லை.

அவர்தான் நடிக்க வேண்டும் என்றும் இல்லை. ஹாவியர் முன்யோஸ் என்ற நடிகர் ஆரம்பத்திலிருந்தே வாரத்தில் ஒரு காட்சி ஹாமில்டனாக வந்தார். ஒபாமா 2015 ஜூலையில் பார்க்க வந்த காட்சியில் நடித்தது முன்யோஸ்தான். 2016 ஜூலை 9 அன்று மிராண்டா விலகினார். அதன்பின் எத்தனையோ பேர் அந்த வேடம் கட்டிவிட்டார்கள், நாடகம் அதே தியேட்டரில் தொடர்ந்தது.

மொத்தம் எத்தனை விருது? எல்லாம் வாங்கிட்டாருன்னு சொல்றாங்களே?

ஹாமில்டன் 2016இல் 16 டோனி பரிந்துரை பெற்றது. அதுவரை எந்த நாடகத்துக்கும் அவ்வளவு கிடைத்ததில்லை. 11 வென்றது, 12 வென்ற தி புரொட்யூசர்ஸின் சாதனைக்கு ஒன்று குறைவு. அதில் மிராண்டாவுக்கென்று வந்தவை இரண்டு: நாடகப் பிரதிக்கு ஒன்று, பாடல்களுக்கு ஒன்று. அதே ஆண்டு புலிட்சர் பரிசும் கிராமியும். 2015இல் மக்கார்தர் நிதிநல்கை. லண்டனுக்குப் போன ஹாமில்டன் 2018இல் அந்த ஊர் நாடகங்களுக்கான ஒலிவியர் விருதுகள் 7 வாங்கியது. தொலைக்காட்சிக்கான எம்மியும் உண்டு, 2013 டோனி விழாவின் தொடக்கப் பாட்டை டாம் கிட்டோடு சேர்ந்து எழுதியதற்கு.

2016 டோனி விழா நடந்த அன்று விடியற்காலைதான் ஆர்லாண்டோவில் 49 பேர் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்கள். பாடல்களுக்கான விருதை வாங்க வந்த மிராண்டா தான் எழுதிவந்த கவிதையைக் குரல் உடைந்து வாசித்தார். 2008இன் துள்ளலான ராப் நன்றியுரையைப் பார்த்துவிட்டு உடனே இதைப் பாருங்கள்.

அப்போ ஆஸ்கர்?

அது இன்னும் இல்லை. இரண்டு முறை பரிந்துரை. மோனாவின் 'ஹவ் ஃபார் ஐல் கோ' பாட்டு லா லா லேண்ட் பாட்டிடம் தோற்றது. 2022இல் என்கான்டோவின் 'டோஸ் ஒருகிட்டாஸ்' தோற்றது. இரண்டாவது முறை விழாவுக்கே போகவில்லை, மனைவிக்குக் கொரோனா.

என்கான்டோல புரூனோ பாட்டுதானே ஹிட்டு? அதை ஏன் அனுப்பல?

தேதிதான் காரணம். ஆஸ்கருக்குப் பாட்டு அனுப்பக் கடைசி நாள் 2021 நவம்பர் தொடக்கத்தில் முடிந்துவிட்டது. படம் வெளியானது நவம்பர் 24. புரூனோ பாட்டு இவ்வளவு தூரம் போகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 2022இல் அது அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 5 வாரம் முதலிடத்தில் இருந்தது. நாயகனும் நாயகியும் பாடும் பாட்டல்ல, வீட்டில் உள்ள ஆளாளுக்கு ஒரு மாமனைப் பற்றிப் புறம் பேசும் பாட்டு. கடைசியில் எல்லோருடைய மெட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். சுத்தமான மேடை உத்தி.

டிஸ்னி அனுப்பிய 'டோஸ் ஒருகிட்டாஸ்' முழுக்க ஸ்பானிஷில் எழுதியது. இரண்டு கம்பளிப்புழுக்கள் பிரிய மனமில்லாமல் இருப்பதைப் பற்றி. மொழி தெரியாமல் நான் அழுத பாட்டு.

மோனா 2, மேரி பாப்பின்ஸ் ரெண்டுமே அவர் பாட்டுதானே?

இரண்டுமே இல்லை. மோனா 2 (2024) பாடல்கள் அபிகேல் பார்லோ, எமிலி பேர் எழுதியவை. முதல் மோனாவிலும் அவர் தனியாக இல்லை. ஒப்பெட்டாயா ஃபோவாய், மார்க் மன்சீனா இருவரும் கூட இருந்தார்கள். மேரி பாப்பின்ஸ் ரிட்டர்ன்ஸில் தெருவிளக்கு ஏற்றுபவராக நடித்துப் பாடினார், ஆனால் பாட்டு வேறு ஆட்கள் எழுதியது.

ஜார்ஜ் வாஷிங்டன் கறுப்பரா வர்றாரே. சரித்திரத்தை மாத்திட்டாங்களா?

நடிகர் தேர்வு வேண்டுமென்றே செய்தது. அன்றைய அமெரிக்காவின் கதையை இன்றைய அமெரிக்கா போல இருப்பவர்கள் சொல்லட்டும் என்பது எண்ணம். கதையிலும் மாற்றங்கள் உண்டு. மேலே சொன்ன அக்கா ஆஞ்செலிகா, ஹாமில்டன் அந்தக் குடும்பத்துக்குள் வரும் முன்பே கல்யாணம் ஆனவள். அவர்கள் அப்பாவுக்கு ஆண்பிள்ளைகளும் இருந்தார்கள், நாடகத்தில் இல்லை. இதெல்லாம் நாடகத்துக்குத் தேவையான சுதந்திரம், எனக்கு உறுத்தவில்லை.

உறுத்துவது வேறு. ஹாமில்டனின் மாமனார் வீடு அடிமைகளை வைத்திருந்த வீடு. முதல் அதிபர் வாஷிங்டனும் மூன்றாம் அதிபர் ஜெஃபர்சனும் அப்படித்தான். கறுப்பின நடிகர்கள் இவர்களாக நடித்துக் கைதட்டல் வாங்கும் மேடையில், அடிமைப்பட்ட ஒரு மனிதருக்குக்கூடப் பெரிய பாத்திரம் இல்லை. வரலாற்றாசிரியர்கள் இதை எழுதினார்கள். இஷ்மாயில் ரீட் என்ற எழுத்தாளர் எதிர்நாடகமே எழுதினார். 2020இல் மிராண்டா இந்த விமர்சனங்கள் நியாயமானவை என்று ஒப்புக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த நாடகத்தை நேசித்துக்கொண்டே நினைக்கிறேன்.

சொந்த ஆளுங்களே அவரைத் திட்டினாங்களாமே?

இரண்டு தடவை. 2016இல் போர்ட்டோ ரிகோவின் கடன் சுமைக்கு அமெரிக்க நாடாளுமன்றம் வழி செய்ய வேண்டும் என்று அவர் பேசினார். வந்த சட்டமோ தீவின் செலவுகளை வெட்டும் அதிகாரத்தை ஒரு வாரியத்திடம் கொடுத்தது. பல்கலைக்கழக மாணவர்கள் கொதித்தார்கள். 2017 புயலுக்குப் பிறகு நிதி திரட்டத் தீவின் 78 ஊர்ப் பெயர்களையும் கோத்து ஒரு பாட்டு எழுதினார். 2019 ஜனவரியில் தானே மறுபடி ஹாமில்டனாக அங்கே போய் நடித்தார். பல்கலைக்கழக அரங்கில் போடுவதாக இருந்ததை, போராட்டம் வரலாம் என்ற அச்சத்தில் சான் ஹுவானின் வேறு அரங்குக்குக் கடைசி நேரத்தில் மாற்ற வேண்டிவந்தது.

இரண்டாவது, 2021இல் வந்த இன் த ஹைட்ஸ் திரைப்படம். வாஷிங்டன் ஹைட்ஸில் கறுத்த நிற லத்தீன் மக்கள் ஏராளம். படத்தின் முக்கிய முகங்களில் அவர்கள் அநேகமாக இல்லை. என் தெருவைப் பற்றிய படத்தில் நான் எங்கே என்று கேட்டார்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு இடம் தேடி எழுதத் தொடங்கியவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும். சாக்குச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டார்.

ஹாமில்டனுக்கு அப்புறம் மேடைக்கு ஏன் ஒண்ணும் எழுதல?

கொஞ்சம் எழுதினார். 2023இல் நியூயார்க், நியூயார்க் என்ற மியூசிக்கலுக்குக் கூடுதல் வரிகள் கொடுத்தார். மற்றபடி சினிமாவுக்குள் போனார். 2021இல் டிக், டிக்... பூம்! படத்தை இயக்கினார். அது ஜோனதன் லார்சனின் கதை. ராக் இசையில் அமைந்த ரென்ட் நாடகத்தை எழுதிவிட்டு, அதன் முதல் முன்னோட்டக் காட்சி நடக்க வேண்டிய அன்று விடியற்காலையில், 1996 ஜனவரி 25 அன்று, 35 வயதில் இறந்துபோனவர். மிராண்டா ரென்ட் பார்த்தது தன் 17வது பிறந்தநாளுக்கு. நம் தெரு ஆட்களைப் பற்றியும் மியூசிக்கல் எழுதலாம் என்று அன்றுதான் தெரிந்தது என்கிறார்.

2024 அக்டோபரில் ஐசா டேவிஸோடு சேர்ந்து எழுதிய வாரியர்ஸ் இசைத்தொகுப்பு வந்தது. 1979இல் வந்த படத்தின் கதை: நியூயார்க் முழுவதும் துரத்த, ஒரு கும்பல் இரவோடு இரவாகச் சொந்தப் பேட்டைக்குத் திரும்ப வேண்டும். இவர்கள் அந்தக் கும்பலைப் பெண்களாக மாற்றியிருக்கிறார்கள். மேடையில்லை, நடனமில்லை, பாட்டு மட்டும். ஹாமில்டனும் இப்படிப் பாட்டுத் தொகுப்பாகத்தான் ஆரம்பித்தது என்று மேலே சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? ஹெட்போன் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து வரிசை மாறாமல் கேளுங்கள்.